பிள்ளையின் முதல் விமானம்: உருத்திரபுரத்து வயல்வெளியில் எதைப் பறக்கவிடலாம்?

ஆனி மாதம் பிறந்தால் வன்னியின் பல வீடுகளில் ஒரே மாதிரியான தொலைபேசி உரையாடல் நடக்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் மாமா பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வரப்போகிறார். "தம்பிக்கு என்ன கொண்டு வாறது?" என்று கேட்கிறார். "ரிமோட்டிலை பறக்கிற பிளேன்!" என்று பின்னாலிருந்து தம்பி சத்தம் போடுகிறான்.

மாமா கடைக்குப் போகிறார். பெட்டியின் மேல் அழகாகத் தெரியும் போர்விமானம் ஒன்றை வாங்கி வருகிறார். ஆடி மாதத்தில், சோளகம் சுழற்றி அடிக்கும் ஒரு பின்னேரத்தில் அது மேலே எழுகிறது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வரம்பில் மூக்குக் குத்தி இரண்டாக முறிகிறது. பிள்ளை அழுகிறான். "இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது" என்ற முடிவோடு பெட்டி பரணுக்குப் போகிறது.

பிழை பிள்ளையின் கையில் இல்லை. தெரிவு செய்த விமானமும் பறக்கவிட்ட நேரமும்தான் பிழை. இரணைமடு நீர் பாயும் உருத்திரபுரம் போன்ற வயல் கிராமம், இந்தப் பொழுதுபோக்கிற்கு வாய்ப்பான இடம். மரங்களும் மின்கம்பிகளும் நெருங்காத வெளி நகரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது அரிது. ஆனால் இந்த வெளிக்கும் இதன் மேலிருக்கும் வானத்துக்கும் ஒரு கடந்தகாலம் இருக்கிறது. அதையும் கணக்கில் எடுத்துத்தான் முதல் விமானத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

போர்விமானம் வேண்டாம்: இரண்டு காரணங்கள்

முதலாவது, பறப்பியல் காரணம். போர்விமானத்தின் சிறகு குட்டையானது, பின்னோக்கிச் சரிந்தது அல்லது முக்கோண வடிவானது. அது வேகத்துக்காக அமைந்த வடிவம். மெதுவாகப் போனால் அதற்குத் தாங்குவிசை போதாது, விழுந்துவிடும். வேகமாகப் போனால் புதியவரின் கை அதற்கு ஈடு கொடுக்காது. அதோடு அது தானாக நிமிராது. ஒரு பக்கம் சரிந்தால் சரிந்தபடியே போகும். திருத்த வேண்டியது ஓட்டுபவர்தான்.

இரண்டாவது காரணத்தை எங்கள் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. பொம்பர், சகடை, கிபிர், மிக் என்று விமானங்களை உருவத்தாலும் இரைச்சலாலும் வேறுபிரித்து அறிந்த சனம் இது. கிபிர் வருவதற்கு முன்பு மேலே நின்று இரைந்து கொண்டிருந்த ஆளில்லா வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்ததும் இதே சனம்தான். 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது குண்டு விழுந்ததை மறந்தவர் இங்கு இல்லை. 2009இற்குப் பின் பிறந்த பிள்ளைக்கு முக்கோணச் சிறகு ஒரு விளையாட்டுச் சாமான். அவனுடைய அம்மம்மாவுக்கு அது பதுங்குகுழி. முற்றத்துக்கு மேலே அந்த உருவம் சத்தத்தோடு திரும்பும்போது அவருடைய உடம்பு என்ன செய்யும் என்பதைப் பிள்ளை அறிய வாய்ப்பில்லை. பெரியவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

எது நல்ல முதல் விமானம்?

பழகுவதற்கென்றே செய்யப்படும் விமானங்கள் உண்டு. அவற்றைப் 'பயிற்சி விமானம்' என்பார்கள். கடையில் பார்த்தவுடன் அடையாளம் காண நான்கு விடயங்கள் போதும்.

ஒன்று, சிறகு உடலுக்கு மேலே இருக்க வேண்டும். அப்போது பாரம் சிறகுக்குக் கீழே அமையும். கூடவே சிறகின் இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் இன்னும் நல்லது. அப்படியான விமானம் சரிந்தாலும், கையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். பழகுபவர் விடும் பிழையில் பாதியை விமானமே திருத்திக்கொள்ளும்.

இரண்டு, சிறகு நீளமாகவும் விமானம் பாரமற்றதாகவும் இருக்க வேண்டும். சிறகின் பரப்புக்கு எடை குறைவாக இருந்தால் மெதுவாகப் பறக்கலாம். மெதுவாகப் பறந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை ஏறத்தாழ 1 மீற்றர் முதல் 1.4 மீற்றர் வரை நீளமுள்ள சிறகு வயல்வெளிக்குப் பொருத்தமானது. உள்ளங்கை அளவு விமானங்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வன்னிக் காற்று அவற்றைப் பொலித்தீன் பைபோல அள்ளிக்கொண்டு போய்விடும்.

மூன்று, அது நுரையால் செய்யப்பட்டிருக்க வேண்டும். மரத்தில் செய்தது பார்க்க அழகு, ஆனால் ஒரு முறை விழுந்தால் ஒரு வாரம் திருத்த வேலை. இப்போது வரும் நெகிழ்வான நுரை விழுந்தால் நசியும், அல்லது துண்டாக உடையும். சூட்டுப் பசை வைத்து ஒட்டி அன்றே மீண்டும் பறக்கவிடலாம். காற்றாடி மூக்கில் இல்லாமல் சிறகுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தால், மூக்குக் குத்தினாலும் மோட்டருக்குச் சேதம் குறைவு.

நான்கு, குறைந்தது மூன்று கட்டுப்பாடுகள் இருக்க வேண்டும்: மோட்டரின் வேகம், மேலே கீழே செல்வதற்கான வால் தட்டு, திரும்புவதற்கான சுக்கான். மிக மலிவான விளையாட்டு விமானங்களில் வால் தட்டு அசையாது. இரு மோட்டர்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் அவை திரும்பும். காற்றடித்தால் அவற்றைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சிறகின் ஓரத் தட்டும் சேர்ந்த நான்கு கட்டுப்பாட்டு விமானம் அடுத்த படி. ஆனால் சமநிலையைக் காக்கும் மின்னணு உதவி உள்ள நான்கு கட்டுப்பாட்டு விமானத்தை முதலாவதாக வாங்குவதிலும் பிழையில்லை.

சில்லு பற்றிக் கவலைப்பட வேண்டாம். அரிவு வெட்டிய வயலில் ஒட்டுக்கட்டையும் வரம்பும் சில்லை முறித்துவிடும். கையால் எறிந்து ஏற்றி, வயிற்றால் இறக்கும் விமானமே எங்கள் நிலத்துக்கு ஏற்றது.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

வெளிநாட்டில் வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. 'ஆர்.ரி.எப்' என்றிருந்தால் கட்டுப்பாட்டுக் கருவி உட்பட பறக்கத் தேவையான எல்லாம் பொதுவாக உள்ளே இருக்கும். 'பி.என்.எப்', 'பி.என்.பி', 'ஏ.ஆர்.எப்' என்றிருந்தால் கையில் பிடிக்கும் கருவி இருக்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும். ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகு இது தெரிந்தால் பயனில்லை. பற்றரியும் சார்ஜரும் உள்ளனவா என்றும் பாருங்கள். மேலதிகமாக ஒரு பற்றரியும் மூன்று நான்கு காற்றாடிகளும் சேர்த்து வாங்குங்கள். முதலில் உடைவது காற்றாடிதான், கிளிநொச்சிக் கடையில் அதே அளவு கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பற்றரியைப் பயணப் பெட்டிக்குள் போட்டு அனுப்பக்கூடாது. லித்தியம் பற்றரிகளை முனைகளுக்கு ரேப் ஒட்டிக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். இவ்வகை விமானத்துக்கான 11.1 வோல்ற், 2200 மில்லி அம்பியர் மணி பற்றரி சுமார் 24 வாற் மணிதான். விமான நிறுவனங்களின் வழமையான எல்லையான 100 வாற் மணிக்கு அது மிகக் குறைவு.

அனுமதி இல்லாமல் வேண்டாம்

இலங்கையில் ஆளில்லாமல் பறப்பவை 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் சில நாட்களில் ட்ரோன்கள் பறப்பது நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. பின்னர் அனுமதியோடு பறக்கவிடலாம் என்ற நிலை வந்தது. ரேடியோக் கருவிகள் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளுக்கும் உட்பட்டவை. விதிகள் எடையையும் இடத்தையும் பொறுத்து மாறும், காலத்துக்குக் காலமும் மாறும். ஆகவே வாங்குவதற்கு முன்பே, வாங்கப்போகும் விமானத்தின் எடையைச் சொல்லி, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் கேட்டறியுங்கள். கேட்காமல் கொண்டுவந்தால் சுங்கத்திலேயே நின்றுவிடக்கூடும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. இரணைமடுவில் விமானப்படைத் தளம் இருக்கிறது. இராணுவ முகாம்களும் இருக்கின்றன. கையில் ரேடியோக் கருவியோடு வயலில் நிற்கும் பதினைந்து வயதுப் பெடியன் தனியே பதில் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது. கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் முன்கூட்டியே சொல்லி, கிடைத்த அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பெரியவரும் கூட நிற்க வேண்டும். கமரா பொருத்திய விமானத்தை முதல் விமானமாக வாங்காமல் இருப்பது பல தொல்லைகளைக் குறைக்கும்.

பட்டம் கட்டியவனுக்குப் பாதி தெரியும்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். கொக்கோ, பிராந்தோ, எட்டுமூலையோ, எதுவானாலும் முச்சை சரியாகக் கட்டப்படாவிட்டால் ஏறாது. விமானத்தில் முச்சையின் இடத்தில் இருப்பது பாரமையம். சிறகின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் பாரமையம் இருக்க வேண்டும். சரியான இடம் விமானத்தோடு வரும் கையேட்டில் இருக்கும். அந்த இடத்தில், இரு சிறகுகளின் கீழும் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக, அல்லது மூக்கு மிகச் சற்றுத் தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். பற்றரியை முன்னே நகர்த்துங்கள்.

இதைச் செலவில்லாமல் பழகலாம். தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் ரெஜிபோமில் ஒரு சிறகும் வாலும் வெட்டி, மெல்லிய தடியில் பொருத்தி, மூக்கில் களிமண் வைத்துக் கையால் எறிந்து பாருங்கள். களிமண்ணைக் கூட்டிக் குறைக்கும்போது பாரமையம் என்றால் என்னவென்று பிள்ளைக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கும். ஒட்டுவதற்குச் சாதாரண சுப்பர் குளூ வேண்டாம், அது ரெஜிபோமைக் கரைத்துவிடும்.

அடுத்தது சிமுலேற்றர். 'பிக்காசிம்' போன்ற இலவசச் செயலிகள் கைத்தொலைபேசியில் கிடைக்கின்றன. புதியவரை வீழ்த்தும் பெரிய சிக்கல் ஒன்றை அங்கே உடைவில்லாமல் பழகலாம். விமானம் எம்மை விட்டுப் போகும்போது இடம் இடமாகத்தான் இருக்கும். எம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அப்போது ஒரு சூத்திரம்: எந்தச் சிறகு தாழ்கிறதோ அந்தப் பக்கத்துக்கே கையிலுள்ள தடியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

வயலில் இறங்கும் நாள்

விடியற்காலை, காற்று எழும்ப முன்பு. பங்குனி, சித்திரையில் காலபோக அறுவடை முடிந்த வயல் நல்ல இடம். ஆடியில் சோளகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாமா கொண்டுவந்த விமானம் அதுவரை பெட்டியில் இருக்கட்டும், பிள்ளை சிமுலேற்றரில் பழகட்டும். புரட்டாதிக் கடைசியில் காற்றுத் தணிந்து, மாரி தொடங்குவதற்கு முன் அமைதியான காலைகள் கிடைக்கும்.

காற்றுக்கு எதிராக, மட்டமாக எறியுங்கள். இரண்டு பனை உயரம் போகும்வரை திருப்ப வேண்டாம். உயரம் இருந்தால் பிழையைத் திருத்த இடம் இருக்கும். வீடு, வீதி, மின்கம்பி, மாடு மேயும் பக்கம் போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டவிடாதீர்கள். பற்றரி இணைத்தவுடன் காற்றாடி எப்போதும் சுழலலாம் என்று எண்ணி விரலை விலக்கி வையுங்கள்.

லித்தியம் பொலிமர் பற்றரி தீப்பிடிக்கக்கூடியது. சார்ஜில் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிச் செல்லக்கூடாது. கிடுகு வேலி, பாய், உடுப்பு அருகில் இல்லாத சீமெந்துத் தரையில், கண்பார்வையில் வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். தகரக் கூரையின் கீழ் மத்தியான வெக்கையில் விடாதீர்கள். ஊதிப்போன பற்றரியை மீண்டும் பாவிக்காதீர்கள்.

இனிச் சொல்வது எல்லாவற்றிலும் முக்கியமானது. விமானம் பற்றைக்குள் விழுந்தால் அது பற்றைக்கே போகட்டும். முகமாலை உள்ளிட்ட இடங்களில் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றியும், போர் நடந்த நிலத்தில் வெடிக்காத பொருட்கள் இன்னமும் வெளிப்படுகின்றன. சிவப்புப் பலகையும் மண்டையோட்டுப் படமும் உள்ள இடம் மட்டுமல்ல, உழாத காடும் பற்றையும் பிள்ளை நுழையக்கூடாத இடங்கள்தான். வருடா வருடம் உழும் வயலின் நடுவே பறக்கவிடுவதும், மெதுவாகப் பறக்கும் விமானத்தைத் தெரிவு செய்வதும் இதற்காகவும்தான். மெதுவானது தூரம் போகாது. இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லி, "விழுந்தால் நான் போய் எடுக்கமாட்டேன், பெரியாக்களுக்குச் சொல்லுவன்" என்று அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

பறக்கவிடும் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். அம்மம்மாவுக்கு விமானத்தைக் கையில் கொடுங்கள். நுரைதான், பூனைக்குட்டி அளவு பாரம்தான் என்று அவர் தூக்கிப் பார்க்கட்டும். மோட்டரை ஒரு முறை சுழற்றிச் சத்தத்தையும் கேட்கச் செய்யுங்கள். அந்தச் சத்தம் அவருக்கு வேண்டாம் என்றால், வீட்டிலிருந்து தள்ளியுள்ள வயலுக்குக் கொண்டுபோங்கள். வந்து பார்க்கிறேன் என்றால், வரம்பில் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள்.