கணவன் தரும் சிறுநீரகம் மனைவிக்குப் பொருந்துமா?

சிறுநீரகங்கள் செயலிழந்த மனைவிக்குத் தன் சிறுநீரகங்களுள் ஒன்றைக் கொடுக்கக் கணவன் முன்வருகிறான். இருவரும் ஒரே குருதிப் பிரிவினர், அவன் நோயற்றவன். எனினும், "உங்களுடையது இவருக்கு ஆகாது" என்று வைத்தியர் கூற நேர்வதுண்டு. அவள் அவனுடைய பிள்ளைகளைப் பெற்றவள் என்பதே அதற்குக் காரணமாய் இருக்கவுங் கூடும்! இதனை முதன்முதலிற் படித்தபோது நாம் நம்புதற்குத் தயங்கினோம்.

குருதிப் பிரிவு பொருந்துவது முதற்படி மாத்திரமே. நம் உடற்கலங்களின் மேற்பரப்பில் 'எச்.எல்.ஏ.' எனப்படும் அடையாளப் புரதங்கள் உள்ளன. பிரெஞ்சு வைத்தியர் ஜான் டோசே 1958இல் இவற்றுள் முதலாவதைக் கண்டறிந்தார். 1980இல் நோபெல் பரிசும் பெற்றார். தாய்வழி மூன்றும் தந்தைவழி மூன்றுமாக ஆறு அடையாளங்களை ஒப்பிடுதல் வழக்கம். உடன்பிறந்தார் இருவருக்கு அவை முற்றும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒருகரு இரட்டையர்க்கோ வேற்றுமையே இல்லை. 1954 டிசம்பர் 23ஆந் திகதி பொஸ்டன் நகரில் ஜோசப் மறே செய்த சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றிபெற்றது அத்தகைய இரட்டையரிடையேதான்.

இன்று மருந்துகளின் துணையால், அடையாளங்கள் ஒவ்வாதவிடத்தும் சிகிச்சை நடைபெறுகிறது. ஆயின், பெறுபவரின் குருதியில் அவ்வடையாளங்களுக்கு மாறான பிறபொருளெதிரிகள் முன்னரே இருப்பின் இடர் பெரிது. கருவிலுள்ள குழந்தையிடம் தந்தையின் அடையாளங்கள் பாதி உண்டல்லவா? குழந்தையின் கலங்கள் சில தாயின் குருதியிற் கலக்கும்போது, அவளுடல் அவற்றை அந்நியமெனக் கருதி எதிரிகளை ஆக்கிவிடலாம். பிள்ளைப்பேறு கண்ட பெண்களின் குருதியில் அவை இருத்தலை ஒல்லாந்தில் வான் றூட்டும் அமெரிக்காவில் றோஸ் பேய்ன் அம்மையாரும் 1958இலேயே அறிவித்தனர். பிறர் குருதி ஏற்றப்பட்டோர்க்கும் இந்நிலை நேரலாம்.

ஆகவே, பெறுபவரின் குருதிநீரோடு கொடுப்பவரின் வெண்குருதிக் கலங்களைச் சேர்த்துச் சோதிப்பர். கலங்கள் மடிந்தால் ஆபத்து. பட்டேல், தெரசாகி என்போர் 1969இல் வெளியிட்ட கணக்கின்படி, கலங்கள் மடிந்த 30 பேருள் 24 பேருக்கு மாற்றிய சிறுநீரகம் உடனேயே கெட்டது; மடியாத 195 பேருள் அவ்வாறானது 8 பேருக்கே. இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் பனிக்கட்டியிற் காத்திருக்க, வைத்தியசாலைக்கு விரைந்தழைக்கப்பட்ட நோயாளி இச்சோதனையின் முடிவால் வீடு திரும்புவதும் உண்டு.

நம் கணவனுக்கோ வேறொரு வழி இருக்கிறது. இதேபோல் இடர்ப்படும் இன்னொரு தம்பதியர் கிடைப்பின், அவன் அப்பெண்ணுக்குக் கொடுக்க, அவள் கணவன் இவன் மனைவிக்குக் கொடுக்கலாம். 1991இல் தென்கொரியாவில் இம்முறை தொடங்கியது. சத்திரசிகிச்சைகளை ஒரே வேளையில் நடத்துதல் பெரும்பாலும் வழக்கம். தம் மனைவி பெற்றுக்கொண்டபின் ஒருவர் மனம் மாறிவிடலாகாதே!