வணிகக்குறியும் அதன் காவலும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பண்டங்களின்மேல் சோழரின் புலிச்சின்னத்தைப் பொறித்தனர் என்பதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அந்தப் புலி அரசனுடையது. பண்டத்தை ஆக்கியவர் யார், விற்றவர் யார் என்பதை அது சொல்லவில்லை. 'இது என் கைப்பொருள்' என்று ஆக்கியவரே இடும் அடையாளம் வேறொன்று. கடைத்தெருவில் டிரேட்மார்க் என்றும் சட்ட வழக்கில் வணிகக்குறி என்றும் வழங்குவது அதுவே. பெயர், படம், எழுத்தின் வடிவம், நிறச்சேர்க்கை, உறையின் அமைப்பு ஆகிய எதுவும் வணிகக்குறி ஆகலாம். அவற்றுள் கண்ணுக்குப் புலனாகும் படவடிவை இலச்சினை என்பர். லோகோ என்று இளைஞர் சொல்வதும் இதனையே.

எழுத்தறியாதவர், 'கிளிப்படம் போட்ட தீப்பெட்டி' என்று கேட்டு வாங்குவர். எழுத்தறிந்தவர் செய்வதும் பெரிதும் அதுதான். அடுக்கடுக்காகப் பொருள்கள் நிற்கும் அலமாரியில் கண் முதலில் தேடுவது பெயரை அன்று, பழகிய நிறத்தையும் உருவத்தையுமே.

சிற்றூர் ஒன்றில் மரச்செக்கில் நல்லெண்ணெய் ஆட்டி விற்கும் பெண்மணி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவருடைய புட்டியின்மேல் பச்சை வட்டத்தினுள் தூக்கணாங்குருவிக் கூடொன்று தொங்குகிறது. ஆறேழு ஆண்டுகள் கலப்படமின்றி விற்றதால் அது 'குருவி எண்ணெய்' என்றே ஊராரால் அழைக்கப்படுகிறது. பக்கத்து ஊரில் வேறொருவர் அதே பச்சை வட்டத்தினுள் கிளையில் அமர்ந்த குருவியை வரைந்து, மலிவான எண்ணெயை அடைத்து விற்கத் தொடங்குகிறார். அவர் கவர்ந்தது படத்தை மட்டுமா? அந்தப் பெண்மணி ஆறேழு ஆண்டுகளில் ஈட்டிய நம்பிக்கையைக் கவர்ந்துகொண்டார். அவர் விற்கும் எண்ணெய் காறினால் பழியும் அந்தப் பெண்மணியையே சேரும். பெருநிறுவனம் இத்தகைய இழப்பை விளம்பரத்தால் ஈடு செய்துவிடும். ஒற்றைச் செக்கை நம்பி வாழும் குடும்பத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை.

தேர்வும் பதிவும்

இந்தியாவில் இன்று நடைமுறையில் உள்ளது 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம். இது 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் துணை எல்லாக் குறிக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பொருளின் இயல்பை மட்டும் சொல்லும் சொல்லுக்கு ஒருவர் தனியுரிமை கோர இயலாது. 'மரச்செக்கு எண்ணெய்' என்பது அத்தொழில் செய்யும் அனைவருக்கும் பொதுவான சொல். அதை ஒருவருக்கே உரியதாக்கினால் ஏனையோர் தம் பொருளைத் தாமே பெயர்சொல்லி விற்க முடியாமற்போகும். பொருளோடு நேர்த்தொடர்பில்லாத பெயரும் உருவமுமே வலிமையான குறிகள். எண்ணெய்க்கும் தூக்கணாங்குருவிக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. அதனாலேயே அது நல்ல குறி. புதிதாகத் தொழில் தொடங்குவோர் பலர், பொருளை விளக்கும் பெயரே விற்பனைக்கு உதவும் என்று கருதி இவ்விடத்தில் பிழைபடுகின்றனர். தேசியக்கொடி, அசோகச்சக்கரம், காந்தியடிகளின் பெயர் போன்றவற்றை வணிகத்திற்குப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று தடை விதிக்கிறது.

குறியைத் தேர்ந்த பின்னர், அதனை ஒத்த வேறொன்று முன்பே பதிவாகியுள்ளதா எனப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பொருள்களும் பணிகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பிலும், காப்பித்தூளும் மசாலாப் பொடியும் 30ஆம் வகுப்பிலும், தீப்பெட்டி 34ஆம் வகுப்பிலும் அடங்கும். தனிநபரோ சிறுதொழில் நிறுவனமோ இணையவழியில் விண்ணப்பித்தால், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வகுப்பொன்றுக்கு 4,500 ரூபாய் கட்டணம். ஏனைய நிறுவனங்களுக்கு அது 9,000 ரூபாய். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னைப் பதிவகத்தைச் சேரும். அலுவலர் ஆய்ந்து ஏற்றுக்கொண்ட குறி வணிகக்குறிகள் இதழில் வெளியிடப்படும். நான்கு மாதங்களுக்குள் எவரும் எதிர்க்கவில்லையெனில் பதிவுச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் வரக் காலம் ஆனாலும், உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவது அறிவுடைமையன்று.

அம்பாளும் ஆண்டாளும்

ஒரு குறி மற்றொன்றைப் போன்றிருக்கிறது என்று எவ்வாறு முடிவு செய்வது? இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாடுகளை எண்ணுவதே முறை என்று எளிதில் தோன்றும். நீதிமன்றங்கள் அவ்வாறு செய்வதில்லை. கடைக்கு வருபவரின் கையில் பழைய உறை இருப்பதில்லை. மனத்தில் தங்கிய மங்கலான நினைவு ஒன்றே அவரிடம் உண்டு. அந்நினைவை ஏமாற்றும் அளவு ஒப்புமை இருந்தால் போதும்.

பார்லே நிறுவனத்தின் பிஸ்கட்டு உறை குறித்து உச்சநீதிமன்றம் 1972இல் அளித்த தீர்ப்பு இதற்குத் தக்க சான்று. அந்நிறுவனத்தின் உறையில் பண்ணைவெளியில் வாளியேந்திய பெண்ணொருத்தியும், சூழப் பசுக்களும் கோழிகளும் காணப்பட்டன. மைசூர் நிறுவனம் ஒன்றின் உறையிலும் பெண், பசு, கோழி ஆகியன இருந்தன. ஆனால் அப்பெண் தலையில் வைக்கோற்கட்டைச் சுமந்திருந்தாள். கீழ்நீதிமன்றங்கள் இத்தகைய வேறுபாடுகளைப் பெரிதாகக் கொண்டு பார்லேயின் வழக்கைத் தள்ளின. உச்சநீதிமன்றமோ உறையின் அளவு, நிறம், படத்தின் பொதுத்தோற்றம் ஆகியவற்றை நோக்கியது. ஒன்றை ஒருநாள் கண்டவர் பின்னொருநாள் மற்றதைக் கண்டால் அதுவே இது என்று எண்ணுவார் என முடிவு செய்து, முந்தைய தீர்ப்புகளை மாற்றியது. கூட்டை விடுத்துக் குருவியை மட்டும் வரைந்தவரும் தம் படம் வேறு என்றுதான் வாதிடுவார். பச்சை வட்டமும் குருவியும் சேர்ந்து தரும் தோற்றம் அவ்வாதத்தை வலுவிழக்கச் செய்யும்.

தமிழ் மாணவர்க்குச் சுவை தரும் வழக்கு மற்றொன்று உண்டு. சென்னையில் மூக்குப்பொடி விற்ற நிறுவனம் ஒன்று 'ஸ்ரீ அம்பாள்' என்னும் பெயரையும் அம்பாளின் உருவத்தையும் பதிவு செய்திருந்தது. அதே தொழிலில் இருந்த மற்றொருவர் 'ஸ்ரீ ஆண்டாள்' என்னும் பெயரையும் ஆண்டாளின் படத்தையும் கொண்ட குறியைப் பதிய விரும்பினார். அம்பாள் சிவனின் துணைவி, ஆண்டாள் பெரியாழ்வாரின் மகள், இருவரையும் யார் குழப்பிக்கொள்வர் என்பது அவர்தரப்பு வாதம். 1969இல் உச்சநீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மூக்குப்பொடி வாங்குவோர் அனைவரும் இவ்வேறுபாட்டை அறிந்த தென்னாட்டு இந்துக்கள் அல்லர் என்றும், அம்பாள், ஆண்டாள் என்னும் சொற்கள் ஒலியால் நெருங்கியவை என்றும் கூறி ஆண்டாள் குறியின் பதிவை மறுத்தது.

தமிழில் எழுதிப் பார்த்தால் முதலெழுத்திலேயே குறில், நெடில் வேறுபாடு தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டிற்கும் ஐந்தைந்து எழுத்துகள், அவற்றுள் மாறுவன இரண்டே. ஒலியமைப்பிலோ ஒன்றில் 'ம்ப', மற்றொன்றில் 'ண்ட' என மெல்லெழுத்தும் அதன் இனமான வல்லெழுத்தும் இணைந்து வருகின்றன. ஈறும் ஒன்றே. கடைக்காரரிடம் வாயால் கேட்டு வாங்கும் பொருளுக்குக் கண்ணைவிடச் செவியே சான்று. பெயர் சூட்டும் வணிகர், பெயரை எழுதிப் பார்ப்பதோடு உரக்கச் சொல்லியும் பார்க்கவேண்டும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

பதியாத குறியும் பதிந்த குறியும்

குறியைப் பதியாதவர் காவலின்றி நிற்பவர் அல்லர். தம் பொருளைப் பிறர் பொருளாகக் காட்டி விற்பவர்மீது, பதிவு இல்லாவிடினும் வழக்குத் தொடரலாம். ஆனால், தம் குறிக்கு மக்களிடையே நற்பெயர் உண்டு, எதிரியின் செயல் வாங்குவோரை மயக்குகிறது, அதனால் தமக்கு இழப்பு நேர்கிறது ஆகிய மூன்றையும் அவரே மெய்ப்பிக்கவேண்டும். பழைய விலைப்பட்டியல், பில் புத்தகம், அச்சகத்தில் கொடுத்த பணத்தின் ரசீது, விளம்பரத் துண்டறிக்கை ஆகியவை அப்போது பொன்னினும் மேலானவை. இவற்றைத் தேதிவாரியாகச் சேமித்து வைப்பவர் மிகச் சிலரே. பதிவு பெற்றவரின் நிலை எளிது. சான்றிதழே முதற்சான்று ஆகும். எதிரியின் ஊருக்கு அலையாமல், தாம் தொழில் நடத்தும் இடத்திற்குரிய நீதிமன்றத்திலேயே வழக்கிடவும் சட்டம் இடந்தருகிறது. போலியைத் தடுக்கும் ஆணை, இழப்பீடு, போலி உறைகளை ஒப்படைக்கச் செய்தல் ஆகியவற்றை நீதிமன்றத்தில் கோரலாம். குறியைப் பொய்யாக இடுவது குற்றமும் ஆகும். அதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

வட்டத்தினுள் இடும் 'ஆர்' என்னும் எழுத்து பதிவு பெற்ற குறிக்கே உரியது. விண்ணப்பித்தவுடனே அதனை அச்சிட்டுக்கொள்வது சட்டத்திற்குப் புறம்பானது. அதுவரை 'டிஎம்' என்னும் எழுத்துகளை இட்டுக்கொள்ளலாம்.

பலர் எண்ணிப் பாராத சிக்கல் ஒன்று இலச்சினையை வரைந்த ஓவியரைப் பற்றியது. படத்தின் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரையே சாரும். கூலி கொடுத்துவிட்டதால் உரிமையும் கைமாறிவிட்டது என்று வணிகர் எண்ணுவர். எழுத்து மூலமாக உரிமையை மாற்றிப் பெறாவிடில், பிற்காலத்தில் வழக்கு எழ இடமுண்டு. ஒருபக்க ஒப்பந்தம் இதைத் தவிர்க்கப் போதுமானது.

பதிவு பத்தாண்டுக் காலம் செல்லும். பத்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்திப் புதுப்பித்துவந்தால் தலைமுறைகள் கடந்தும் நிற்கும். காலாவதியான குறியைப் பதிவேட்டில் மீட்கக் கிடைக்கும் அவகாசம் ஓராண்டே. பதிந்த குறியைத் தொடர்ந்து ஐந்தாண்டுக்குமேல் பயன்படுத்தாமல் விட்டாலும் பிறர் கோரிக்கையின்பேரில் அது நீக்கப்படலாம். பின்னர் வந்த ஒருவர் ஒத்த குறியைப் பதிந்து பயன்படுத்துவதை அறிந்தும் ஐந்தாண்டு தொடர்ந்து வாளாவிருந்தவர், அதனை எதிர்க்கும் உரிமையைப் பெரும்பாலும் இழந்துவிடுவார். ஆதலால் செக்கு நடத்தும் அந்தப் பெண்மணி செய்யத்தக்கது, போலிப் புட்டியைக் கண்ட அன்றே அதனை ஒன்று விலைகொடுத்து வாங்கி, ரசீதோடு பத்திரப்படுத்தி, வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்புவதாகும்.