விட்ட கலை மீண்டும் வருமா?

தேர்வுக்காக ஓவிய நோட்டை மூடிவைத்த கல்லாவி மாணவரும், ஓசூர் ஆலையில் ஷிப்டு வேலைக்குச் சென்று கவிதையை விட்டவரும், "இனி நமக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரிதானா?

புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தி 1934-இல் கவிதை எழுதத் தொடங்கினார். இடையில் பல ஆண்டுகள் கவிதையை விட்டிருந்தார். 1959-இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியதும், அறுபதை நெருங்கிய வயதில் மீண்டும் எழுதலானார். 1962-இல் அவருடைய 'காட்டு வாத்து' தொகுதி வெளிவந்தது.

மறந்தது முற்றும் அழிவதில்லை என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் 1885-இல் அளந்து காட்டினார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, 31 நாட்கள் கழித்து மறுபடியும் கற்றார். முதல்முறை ஆன நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாயிற்று.

இந்த மிச்சம் மூளையில் எங்கே தங்குகிறது? நரம்புச் செல்களின் கிளைகளில் முட்களைப் போன்ற நுண்ணிய புடைப்புகள் உண்டு. செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்கள் இவை. 2009-இல் வெளியான ஆய்வில், சுண்டெலியின் ஒரு கண்ணைச் சில நாட்கள் மூடியபோது புதிய முட்கள் தோன்றின. கண்ணைத் திறந்த பின்னும் அவற்றுள் பல நிலைத்தன. மறுபடியும் மூடியபோது, புதிய முட்கள் பெருகாமலேயே மூளை விரைவாகப் பழகிக்கொண்டது.

கவிதை புனைவது அசைகளை ஒப்பிப்பதைவிடச் சிக்கலானதுதான். ஆயினும் பயிற்சியின் தடம் எஞ்சும் என்பதை இவை உணர்த்துகின்றன. ஆகவே முதல் நாளின் தடுமாற்றத்தைக் கண்டு நோட்டை மூடிவிட வேண்டாம். நாளும் கால்மணி நேரம் எழுதுங்கள், வரையுங்கள். முதல்முறை கற்றதைவிட இம்முறை வழி குறுகியது.