ஸ்போர்ட்ஸ் காரின் கழிவுக்குழாய் வால்வும் கைவழி ஆளியும்

உட்டகன எஞ்சினின் உருளைகளிலிருந்து வெளியேறும் கழிவுவாயு, சீரான ஓட்டமாக அன்றி அமுக்கத் துடிப்புகளின் வரிசையாகவே குழாயினுட் செல்கின்றது. நான்கடிப்பு எஞ்சினில் ஓர் உருளை இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தகனம் நிகழ்த்தும். ஆகவே எட்டு உருளைகள் கொண்ட எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுழற்சிகளில் இயங்குகையில், செக்கனுக்கு ஏறத்தாழ 133 துடிப்புகள் தோன்றுகின்றன. நாம் கேட்கும் தாழ்ந்த முழக்கத்தின் அடிப்படை இதுவே. ஒலியடக்கி இத்துடிப்புகளைத் தணிக்கின்றது. ஆயின் தணிக்கும் வழி நெருக்கமாக அமையுந்தோறும் வாயுவின் ஓட்டத்துக்குத் தடையும் மிகும். மெல்லச் செல்லும்போது இத்தடை பொருட்டன்று. உயர்ந்த சுழற்சி வேகத்தில் அது வலுவைக் குறைக்கும்.

இவ்விரு தேவைகளையும் இணக்கவே கழிவுக்குழாய் வால்வு அமைக்கப்பட்டது. இது உருளைத் தலையிலுள்ள வால்வன்று. ஒலியடக்கியை அடுத்துக் குழாயினுள் அச்சிற் சுழலும் ஒரு தட்டு. அமெரிக்காவின் கோர்வெற் காரின் ஆறாந் தலைமுறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் எஞ்சினின் உள்ளெடுப்பில் உண்டாகும் வெற்றிடம் தட்டை மூடி வைக்கின்றது. வெற்றிடம் நீங்கியதும் வில் அதனைத் திறக்கின்றது. வெற்றிடத்தை விடுவதும் தடுப்பதும் ஒரு வரிச்சுருளின் பணி. அதனை ஆள்வது கணினி. பழுது நேரினும் வால்வு திறந்தே நிற்குமாதலால் எஞ்சின் மூச்சடைப்பதில்லை.

வரிச்சுருளின் மின்னோட்டத்தைத் துண்டித்தால் வால்வு திறந்துவிடும் என்பது இதனாற் பெறப்படும். கைவழி ஆளியின் தத்துவம் இவ்வளவே. பொருத்துமுன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றல் வேண்டும். சுற்றுப்படத்தின் துணையுடன் வரிச்சுருளுக்கு மட்டும் செல்லும் கம்பியை இனங்கண்டு, அதில் ஆளியைத் தொடராக இணைத்தல் வேண்டும். உருகியை அகற்றி அவ்விடத்தில் ஆளியை வைத்தல் ஆகாது. குறுஞ்சுற்று ஏற்படின் கம்பி தீப்பற்றக்கூடும். புதிய கம்பி, கழிவுக்குழாயின் வெப்பம் எட்டாத வழியே செல்லவேண்டும். வெற்றிடக் குழாயைக் கழற்றித் திறந்தபடி விடுதலும் தவறு. கணக்கில் வாராத வளி அதனூடே எஞ்சினுட் புகும். ஆளிக்கு இரு நிலைகளே போதும்: ஒன்று கணினியின் ஆட்சி, மற்றையது திறப்பு. எப்போதும் மூடிவைக்கும் நிலை வேண்டப்படுவதன்று. வால்வை மின்மோட்டாரால் இயக்கும் வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. அங்கு கம்பியைத் துண்டித்தால் கணினி அதனைப் பழுதெனக் கொள்ளலாம்.

இனி, இதனால் விளையும் பயன் யாது? 2008 ஆம் ஆண்டுக் கோர்வெற்றின் எஞ்சின் 430 பரிவலு உடையது. வால்வுடன் கூடிய கழிவுத்தொகுதியைத் தெரிந்தெடுத்தோர்க்கு அது 436 ஆயிற்று. வேறுபாடு ஏறத்தாழ 1.4 சதவீதமே. அந்தச் சிறு பேறும் ஆளியால் வருவதன்று. உச்ச வலு வேண்டப்படும் வேளையில் கணினியே வால்வைத் திறந்துவிடுகின்றது. எனவே ஆளி புதிதாகத் தருவது, முன்னர் மூடியிருந்த தாழ்ந்த வேகங்களிலும் எழும் ஒலி ஒன்றே. நெடும்பயணத்தில் அம்முழக்கம் ஓட்டுபவரையே களைப்படையச் செய்யும்.

கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் 6000 இறாத்தலுக்குக் குறைந்த கார்களின் கழிவொலிக்கு 95 டெசிபெல் எல்லை வகுத்துள்ளது. டெசிபெல் மடக்கை அளவாதலின் 10 டெசிபெல் உயர்வு ஒலிச்செறிவில் பத்து மடங்காகும். ஆயினும் சட்டத்தின் எல்லைக்குள் அடங்கும் ஒலியும் நள்ளிரவில் உறங்குவோரை எழுப்பப் போதுமானது. கணினி வகித்த பொறுப்பை ஆளி மனிதனிடம் ஒப்படைக்கின்றது. குடியிருப்பு வீதியில் அதனை மூடிய நிலைக்கு மாற்றுவதற்கு நினைவூட்ட எந்தப் பொறியும் இல்லை. ஆதலின், ஆளியைப் பொருத்தத் தெரிதலினும் அதனை எங்கே, எவ்வேளையிற் பயன்படுத்தலாகாது என்று தெரிதலே பெரிதாகும்.