பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கு மோர் ஒத்துக்கொள்வது ஏன்?

காலை ஏழரை மணி. "ஒரே மடக்குல குடிச்சிட்டுக் கிளம்புடா கண்ணா" என்று பால் டம்ளரை நீட்டுகிறார் அம்மா. "வேணாம்மா, இதக் குடிச்சா ஸ்கூல்ல வயித்த என்னமோ பண்ணுது" என்கிறான் மகன். சாக்குச் சொல்கிறான் என்றுதான் அம்மாவுக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் தினமும் நடக்கும் இந்தத் தகராறில், மகன் சொல்வது நிஜமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். 200 மில்லி பசும்பாலில் அது சுமார் 10 கிராம் இருக்கும். குடல் இதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளாது. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் லாக்டேஸ் என்ற நொதி, அதை குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாக உடைத்த பிறகே ரத்தத்தில் சேரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த நொதி தாராளமாகச் சுரக்கிறது. பால்குடி மறந்து சில ஆண்டுகள் ஆனதும், மற்ற பாலூட்டிகளைப் போலவே பெரும்பாலான மனிதர்களுக்கும் அது குறைந்துவிடுகிறது. உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிப்பட்டவர்களே. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது, தண்ணீரை இழுக்கிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிற்று உப்புசம், கடமுடா சத்தம், சிலருக்குப் பேதி. பையன் சொன்ன அந்த 'என்னமோ' இதுதான். இது நோயல்ல, பெரும்பான்மை மனித உடலின் இயல்பு.

வாழ்நாள் முழுக்க லாக்டேஸ் சுரப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கான காரணத்தை 2002-ல் பின்லாந்தில் லீனா பெல்டோனனின் குழு கண்டுபிடித்தது. லாக்டேஸ் மரபணுவுக்கு அருகில், டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இந்தியாவில் இதைத் தேடிய ஆய்வு 2012-ல் வெளியானது. ஐரோப்பியர்களிடம் உள்ள அதே மாற்றம்தான் இங்கும் பரவலாகக் காணப்பட்டது. ஆனால் நாடு முழுக்க ஒரே சீராக இல்லை. வடமேற்கில் அதிகம், தெற்கும் கிழக்கும் வர வரக் குறைவு. பஞ்சாபில் பெரியவர்களும் பெரிய டம்ளரில் பால் குடிப்பதும், இங்கே சாப்பாடு மோர்சாதத்தில் முடிவதும் வெறும் பழக்கம் மட்டுமல்ல என்றே நான் நினைக்கிறேன். தமிழ்நாட்டிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு: தலைமுறை தலைமுறையாக எருமை வளர்க்கும் நீலகிரித் தோடர்கள். அவர்களிடம் இந்த மரபணு மாற்றம் மிக அதிகம்.

மற்றவர்களுக்குக் கைகொடுத்தது உறைமோர். காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், ஒரு கரண்டி பழைய தயிரை விட்டுக் கலக்கி மூடிவைக்கிறோம். அந்தக் கரண்டியில் கோடிக்கணக்கான லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சூடு அதிகமானால் அவை செத்துவிடும், குறைந்தால் மந்தமாகிவிடும். பாட்டிமார் விரலை விட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். இரவெல்லாம் அவை லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் பால்புரதம் கட்டிப்படுகிறது. விடியும்போது லாக்டோஸில் கால் பங்கு போலக் குறைந்திருக்கும்.

மிச்சம் முக்கால் பங்கு இருக்கிறதே, அது ஏன் தொந்தரவு செய்வதில்லை? இங்கேதான் தயிரின் அருமை. தயிரோடு வயிற்றுக்குள் போகும் பாக்டீரியாக்களிடம் லாக்டோஸை உடைக்கும் நொதி இருக்கிறது. நம் குடலில் இல்லாத கத்திரிக்கோலை உணவே கொண்டுவருகிறது என்று சொல்லலாம். தயிர் கெட்டியாக இருப்பதால் இரைப்பையைவிட்டு மெதுவாக இறங்குகிறது. நொதி வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. அதே தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, தண்ணீர் கலந்து நீர்மோராக்கினால், ஒரு டம்ளரில் லாக்டோஸ் இன்னும் சொற்பம். தயிரைக் கொதிக்கவைத்தால் பாக்டீரியாவும் நொதியும் போய்விடும். பிறகு மிஞ்சுவது லாக்டோஸ் குறைந்திருப்பதன் பலன் மட்டுமே.

மங்கோலியர்கள் இதே வழியைத்தான் பிடித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மரபணு மாற்றம் கிடையாது. ஆனாலும் குதிரைப்பாலைப் புளிக்கவைத்த ஐராக், தயிர், உலர்த்திய தயிர்க்கட்டி வகைகள் என்று பாலை நம்பியே வாழ்கிறார்கள்.

லாக்டேஸ் குறைந்தவர்கள் பாலையே தொடக்கூடாது என்று அர்த்தமில்லை. ஒரே வேளையில் 12 கிராம் வரை லாக்டோஸை அவர்களில் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் உள்ள பால் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் பாலை மடமடவென்று குடிப்பதுதான் சிக்கல். பால் ஒவ்வாமை என்பது வேறு விஷயம். அது பால் புரதத்தை உடல் எதிர்ப்பதால் வருவது. உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

"பால் குடிக்காட்டி எலும்பு எப்படி வளரும்?" என்று அம்மா கேட்பது நியாயமான கவலை. பாலில் உள்ள கால்சியம் தயிரிலும் இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் இருக்கின்றன. ஆகவே, பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் நம்புங்கள். ஓரிரு வாரம் காலைப் பாலை நிறுத்தி, மதியம் ஒரு கிண்ணம் தயிர்சாதம் கொடுத்துப் பாருங்கள்.