ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு மூடுவிழா: லங்கோத்லென் ஒருநாள் பயணம்

இன்னைக்கு எபிசோட், வேல்ஸின் வடகிழக்கில் டீ ஆற்றங்கரையில் இருக்கும் லங்கோத்லென் என்ற சின்ன ஊரைப் பற்றி. டீன்னா குடிக்கிற டீ இல்ல, ஆத்தோட பேரே அதுதான். மான்செஸ்டரில் இருந்து காலையில் பஸ்ஸில் கூட்டிட்டுப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுற கைடட் டூர்ல போயிருந்தேன். அங்க பார்க்க வேண்டியவை ரெண்டு: ஒரு பழைய மடம், ஒரு கால்வாய். ரெண்டையுமே ஒரு காலத்தில் சட்டம் போட்டு மூடினாங்க. ஒண்ணு இடிஞ்சு நிக்குது, இன்னொண்ணு இன்னும் ஓடுது. ஏன்?

முதல்ல மடம். வல்லே குரூசிஸ், அதாவது சிலுவைப் பள்ளத்தாக்கு. சிஸ்டர்சியன் துறவிகளுக்காக 1201-ல் மடாக் ஆப் க்ரிஃபித் மைலோர் என்ற வேல்ஸ் இளவரசர் நிறுவியது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது, 1537-ல் இதுவும் போச்சு. தேவாலயத்துக்கு இப்போ கூரை இல்ல. மேற்குச் சுவரும் அதில் வட்ட ஜன்னலும் கம்பீரமா நிக்குது. ஆனா கிழக்குப் பக்கக் கட்டடத்தைப் பாருங்க, கல் கூரை அப்படியே இருக்கு. பிற்காலத்தில் அதை வீடாகவும் பண்ணை வீடாகவும் பயன்படுத்தினாங்க. ஆள் புழங்கின பகுதி தப்பிச்சுது.

அடுத்து கால்வாய். இதோட ஹீரோ பொன்ட்கசத்ல்டே நீர்ப்பாலம். தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டி, 1805-ல் திறந்தது. 307 மீட்டர் நீளம், ஆத்துக்கு மேல சுமார் 38 மீட்டர் உயரம். கல் தூண்கள் மேல வார்ப்பிரும்புத் தொட்டி, அதுக்குள்ள தண்ணி, அதுல படகு. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியோட விளிம்பு மட்டும்தான். படகுல உட்கார்ந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா வயிறு கலங்கும்!

ரயில் வந்த பிறகு சரக்குப் படகுகள் குறைஞ்சு போச்சு. 1944-ல் ஒரு சட்டம் இங்க படகுப் போக்குவரத்தை நிறுத்த அனுமதி கொடுத்தது. ஆனாலும் கால்வாயைத் தூர்க்க முடியல. காரணம், ஊருக்கு மேல இருக்கும் 'குதிரை லாட அருவி'. பேர்தான் அருவி, உண்மையில் அது டெல்ஃபோர்ட் வடிவமைச்ச வளைவான தடுப்பணை. அங்கிருந்து டீ ஆத்துத் தண்ணி கால்வாய்க்குள்ள திரும்பி, இங்கிலாந்தின் செஷைரில் உள்ள ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம் வரைக்கும் போகுது. அங்கிருந்து வீடுகளுக்குக் குடிதண்ணி. அதனாலதான் மத்த கால்வாய்களில் தண்ணி தேங்கி நிக்க, இதுல நீரோட்டம் கண்ணுக்கே தெரியும்.

நம்ம சாஃப்ட்வேர் வேலையிலும் இதேதான். ஒரு சர்வீஸை நிறுத்துறதுக்கு முன்னாடி, கீழே யாரெல்லாம் அதை நம்பி இருக்காங்கன்னு பார்ப்போம். ஒரே ஒரு முக்கியமான ஆள் இருந்தாலும் கை வைக்க மாட்டோம். இங்க குடிதண்ணிக்காகக் காப்பாத்தி வச்ச பாதையில் பிறகு சுற்றுலாப் படகுகள் வந்தன. 2009-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. அழகுக்காக யாரும் இதைக் காப்பாத்தல. அழகு கூடவே பிழைச்சுக்கிச்சு.

நீங்க போனா, பாலத்துல போட்டோ எடுத்த கையோட தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னும் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.