தகரக் கூரைக்குள் வராத சிக்னல்

அக்கராயனில் மாமி வீட்டு விறாந்தைக் கம்பியில் ஒரு பொலித்தீன் பை எந்நேரமும் தொங்கும். போன் அதற்குள். மணி அடித்தால் மாமி குசினியிலிருந்து ஓடிவந்து, பையை இறக்காமலே ஸ்பீக்கரைப் போட்டுக் கதைப்பார். இறக்கினால் கவரேஜ் போய்விடும். அதே போனைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோனால் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கும். "மலிவுப் போன், அதுதான்" என்பது மாமியின் தீர்ப்பு. பிழை போனில் இல்லை, கூரையில்.

1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவருக்கு அப்பால் இருந்த மணியை வானொலி அலையால் அடிக்கச் செய்து காட்டினார். சுவர் அலையைத் தேய்க்கும், முற்றாக மறிக்காது. உலோகம் அப்படியல்ல. தகரத்தில் பட்ட அலை, கண்ணாடியில் பட்ட வெயில்போலத் திரும்பிவிடும். தகரக் கூரை வீட்டுக்குள் வரும் சிக்னல் பெரும்பாலும் கதவாலும் ஜன்னலாலும் நுழைந்ததுதான். ஓட்டு வீடு இதைவிட நல்லது. கம்பி போட்டுக் கட்டிய கொங்கிரீட் தட்டு இரண்டுக்கும் நடுவில். மாரியில் சிக்னல் குறைந்தால் மழையைத் திட்டவேண்டாம். இந்த அலைகளை மழைத்துளி அவ்வளவாகத் தடுக்காது. வளவு முழுக்க நனைந்து நிற்கும் மா, வேம்பு இலைகள்தான் உறிஞ்சுகின்றன. குளக்கட்டில் கூரையுமில்லை, மரமுமில்லை, உயரம் வேறு.

போனில் தெரியும் கோடுகளை நம்பவேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு கொம்பனியின் விருப்பம். அன்ட்ராய்ட் போன்களில் பெரும்பாலும் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில், சிம் நிலைக்குக் கீழே ஒரு மறை எண் இருக்கும். அலகு டிபிஎம். 4ஜி என்றால் −85 நல்லது, −100 சமாளிக்கலாம், −115 என்றால் கதை அறுந்து அறுந்து வரும். எண் 10 மாறினால் வலு பத்து மடங்கு மாறியதாகக் கணக்கு. வலு குறைந்த இடத்தில் கோபுரத்துக்குக் கேட்கவேண்டுமென்று போன் உரத்துக் கத்தும். பற்றரி விரைவில் இறங்குவது அதனால்தான்.

இன்னொரு விசித்திரம். 1800 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். நேரே வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும், நாலு விரல் தள்ளி ஒன்றையொன்று தூக்கிவிடும். மேசையில் போனை ஒரு சாண் நகர்த்தியதும் கவரேஜ் வருவது இதனால், மந்திரமில்லை.

வைபை உள்ள வீடென்றால், சிம் நிறுவனம் வைபை வழி அழைப்புத் தருகிறதா என்று கேளுங்கள். 4ஜி ரூட்டர் வைத்திருப்பவர்கள் அதை ஷோகேசுக்குள் ரீவிக்குப் பக்கத்தில் அடைத்துவைப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில், உயரத்தில் வையுங்கள். வெளி அன்ரெனா பூட்டுவதென்றால் வயர் கட்டையாக இருக்கட்டும். மெல்லிய வயரை 10 மீற்றர் இழுத்தால், அன்ரெனா பிடித்துத் தந்ததில் பெரும்பங்கை வயரே தின்றுவிடும்.

இணையத்தில் விற்கும் 'பூஸ்டர்' பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். வெளியே ஓர் அன்ரெனா, நடுவில் பெருக்கி, உள்ளே ஓர் அன்ரெனா, அவ்வளவுதான் அது. உள்ளே விடுவதை வெளியே உள்ளது திரும்பப் பிடித்தால், கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனதும் 'கீ' என்று கத்துமே, அதேதான் நடக்கும். அந்தக் கத்தல் நம் காதில் விழாது, கோபுரத்தின் காதில் விழும். ஊருக்கே இணைப்புக் கெடும். இப்படி அலை பரப்பும் கருவியைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி வைத்திருப்பது சட்டப்படியும் குற்றம்.

போன விடுமுறையில் அந்த டிபிஎம் எண்ணைப் பார்த்தபடி மாமி வீட்டை ஒருமுறை சுற்றி வந்தேன். பை இப்போது விறாந்தையின் மற்ற மூலையில், தகரத்தின் விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. −112 ஆக இருந்தது −97 ஆகியிருக்கிறது. செலவு ஒரு ஆணி.